ஜெர்மனியில் முதல் மாதம்: மூன்று பேரின் வங்கிக் கணக்கு, சிம் கார்டு அனுபவங்கள்

ஸ்டுட்கார்ட்டில் முதுகலை படிக்க வந்து ஒரு வருஷம் ஆகிறது. அடுத்த செமஸ்டருக்கு வருகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ போட்டிருந்தோம். அப்பா நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம். அதிலிருந்து மாதம் 992 யூரோ விடுவிப்பார்கள். ஆனால் அது வந்து விழ இங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். வந்த வாரமே விண்ணப்பித்துவிட்டேன். அட்டை ஒரு கடிதத்திலும் பின் நம்பர் வேறொரு கடிதத்திலும் வரும் என்றார்கள். பதினைந்து நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. கையில் கொண்டுவந்த 400 யூரோ கரைந்துகொண்டே போனது. வங்கிக்குப் போன் செய்தால், கடிதம் இரண்டும் திரும்பி வந்துவிட்டன என்கிறார்கள்.

கீழே இறங்கித் தபால் பெட்டிகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எட்டுப் பெட்டிகள். எதிலும் வீட்டு எண் கிடையாது. விரல் நீளச் சீட்டில் குடும்பப் பெயர் மட்டும். எங்கள் பெட்டியில் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது. நம் ஊர் தபால்காரர் என்றால் பக்கத்து வீட்டில் விசாரித்தாவது கொடுத்துவிடுவார். இங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் அந்த ஆள் அங்கே இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டில் உள்ளபடி என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து எழுதி, அன்று இரவே செலோடேப் போட்டு ஒட்டினேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். ஆறாம் நாள் அட்டை வந்தது. வரி எண்ணும் தபாலில்தான் வரும், அதனால் சாவி வாங்கிய அன்றே பெயரை ஒட்டிவிடுங்கள்.

*

மேலே எழுதியவருக்குத் தபாலில் என்றால், எனக்குச் சிக்கல் சிம் கார்டில். 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிவிடலாம், ஆனால் சரிபார்த்த பிறகுதான் வேலை செய்யும். வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்க்கச் சொன்னார்கள். மூன்று முறை அழைப்பு அறுந்தது. அப்புறம் சிம் நிறுவனத்தார் தந்த தாளை அச்செடுத்து, பாஸ்போர்ட்டோடு தபால் நிலையத்துக்குப் போனேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. வீடியோவோடு மல்லுக்கட்டாமல் நேரே அங்கே போவதே மேல்.

இன்னொன்று, ஊர் சிம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிளம்பும் முன்பே ரோமிங் போட்டு, ஓடிபி வருகிறதா பாருங்கள். என் இந்திய எண் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போய், கல்விக் கடனுக்கு வட்டி கட்டக்கூட முடியாமல் இரண்டு மாதம் தவித்தேன். ஊர்க் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் கணக்கு) மாற்றும் வேலையையும் தள்ளிப்போடாதீர்கள்.

*

மேலே எழுதிய இருவரையும் போலல்லாமல், வேலைக்கு வந்தவன் நான். கணக்கு தொடங்கப் போனால், நிரந்தர முகவரி இல்லை என்று ஒரு வங்கிக் கிளையில் கையை விரித்துவிட்டார்கள். சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு உண்டு என்று இங்கே 2016லேயே சட்டம் வந்துவிட்டது என அலுவலகத்து அக்கா சொன்னார். அடிப்படைக் கணக்குக்கான ஜெர்மன் சொல்லான 'பாஸிஸ்கோன்டோ' என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு மறுநாள் போய் நீட்டினேன். அதே மேசை, அதே ஆள். படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.