புது ஆட்கள் வந்த முதல் வாரம்: உங்கள் இல்லத்தில் எப்படி?

மதுரைப் பக்கம் ஒரு அறக்கட்டளை இல்லத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரே வளாகம்தான், முன்பக்கம் முதியோர், பின்பக்கம் பிள்ளைகள். இந்த ஜூனில் இரண்டு ஆயாக்கள், ஒரு நர்ஸ், ஒரு வார்டன் புதிதாகச் சேர்ந்தார்கள். அறங்காவலர் வந்து ஆளுக்கொரு சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, கேசரி கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் கணக்கில் வரவேற்பு முடிந்தது.

பெரியவர்கள் அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார்கள். எங்கள் பாட்டி ஒருவர், ஓய்வுபெற்ற டீச்சர், எந்தப் புது முகத்தைப் பார்த்தாலும் கேட்பார்: "எந்த ஊரும்மா? எத்தனை மாசம் இருப்பே?" ஊரைக் கேட்பது சும்மா பேச்சுக்கு. ஆள் மாறினால் அவர்தான் இன்னொரு புது ஆளிடம் சேலையை அவிழ்த்துவிட்டு நிற்க வேண்டும். எழுபது எண்பது வயதானால் கூச்சம் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். அதனால் நாங்கள் புது ஆயாவை உடனே குளிப்பாட்ட விடுவதில்லை. பழைய ஆயா தண்ணீர் ஊற்றுவார். புதியவர் வெந்நீர் விளாவுவார், துண்டு எடுத்துக் கொடுப்பார், தலை துவட்டிவிடுவார். "இன்னிக்கு இந்தப் பொண்ணே ஊத்தட்டும்" என்று பாட்டி வாயால் வரவேண்டும். சிலரிடம் அது சீக்கிரம் வந்துவிடும். ஒரு பாட்டி மட்டும் இன்னும் அசையவில்லை, பார்க்கலாம்.

உங்கள் இடங்களில் என்ன செய்கிறீர்கள், எழுதுங்களேன்.

நர்ஸ், கோவை:

நான் சேர்ந்த அன்று சீனியர் அக்கா என் கையில் ஒரு நீள நோட்டைத் திணித்தார். ஆளுக்கு ஒரு பக்கம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், படுத்தே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிய நேரம், ஊட்டி முடித்ததும் படுக்க வைக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. அது எந்த நர்ஸுக்கும் தெரியும். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததுதான் எனக்கு உதவியது. "ஜன்னல் கட்டில் தாத்தாவுக்கு இடது காது கேட்காது, வலது பக்கம் நில்." "கோடி ரூம் அம்மா சாயங்காலமானால் வீட்டுக்குப் போகணும் என்பார். வீட்டை வித்தாச்சு என்று சொல்லாதே. எந்த பஸ் என்று கேள், காபி கொடு."

மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போது படபடப்பு கூடும் என்பதைப் படித்திருந்தேன். என்ன பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்று சாயங்காலம் அந்த அம்மா பையோடு வாசலுக்கு வந்தார். கேட்டேன். "பன்னெண்டாம் நம்பர்" என்றார். காபி குடித்து முடிப்பதற்குள் பேச்சு பேத்தியின் சடங்குக்குப் போய்விட்டது.

வார்டன், விழுப்புரம்:

பிள்ளைகள் பக்கம் கதை வேறு. சின்னதுகள் முதல் நாளே மடியில் ஏறிவிடும், பேர்கூடத் தெரியாது. பெரிய பசங்க சோதனை வைப்பார்கள். எங்கள் பசங்க புது வார்டனிடம் பெயரை மாற்றிச் சொல்லி, இரவு அட்டெண்டன்ஸில் ஆள் குறைகிறது என்று அவரை வளாகம் முழுக்க ஓடவிட்டார்கள். எனக்கும் அதே மரியாதை நடந்ததுதான். சிரித்தால் பிழைத்தோம்.

ஆனால் போட்டோ விஷயத்தில் நான் சிரிப்பதில்லை. புதிதாக வருகிறவர்கள் பிள்ளைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். 2015 சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி இந்தப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சேரும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள். கூடவே, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையும். பாலியல் தொந்தரவு என்று ஒரு பிள்ளை சொன்னாலோ நமக்குச் சந்தேகம் வந்தாலோ போலீசுக்குத் தகவல் போக வேண்டும். மேனேஜர் காதில் போட்டுவிட்டேன் என்று ஒதுங்க முடியாது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 எங்கள் சாப்பாட்டு ஹால் சுவரில், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதியிருக்கிறது. முதியோர் பக்கம் இருப்பவர்கள் முதியோர் உதவி எண் 14567 எழுதி வையுங்கள்.

அப்புறம், "அப்பா அம்மா எங்கேடா?" என்று இரக்கப்பட்டுக் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு புது ஆளுக்கும் அதையே திரும்பச் சொல்லிச் சொல்லி, ஒரு பையன் ஆளுக்கொரு கதையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். ஒருவரிடம் அப்பா மிலிட்டரி, இன்னொருவரிடம் துபாய்.

சமையல், தஞ்சாவூர்:

சால்வை கிடக்கட்டும் சார், சம்பளம் எந்தத் தேதி, வார லீவு எந்தக் கிழமை என்பதை முதல் நாளே சொல்லுங்க. முன்னே வேலை பார்த்த இல்லத்தில் "இது சேவைம்மா" என்றே ஓட்டினார்கள். வாடகைக்காரர் அதைக் கேட்பாரா? இப்போ இருக்கிற இடத்தில் பேசினபடி வருது, நானும் நிற்கிறேன். இன்னொன்று, பிறந்தநாள், திவசம் என்று ஸ்பான்சர் சாப்பாடு வருகிற நாளில் புது ஆளைப் பரிமாற விடாதீங்க. சுகர்காரர்கள் நாலு பேர் எங்கள் புதுப் பையனிடம் நைசாக ஜாங்கிரி வாங்கிவிட்டார்கள்.

மேற்பார்வையாளர், மதுரை:

ஜாங்கிரி இங்கேயும் நடக்கும். பென்சில் குறிப்பை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். பழைய ஆயாக்களை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லி நானே எழுதலாம் என்று இருக்கிறேன். சம்பளத் தேதியை அறங்காவலரிடம்தான் பேச வேண்டும், பேசுகிறேன். நைட் ஷிஃப்டில் புது ஆளைத் தனியாக எப்போது விடுகிறீர்கள்? எங்களிடம் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ராத்திரி இரண்டே பேர், அதில் ஒருவர் புதுசு.