லாசரு எழுந்ததும் இயேசு எழுந்ததும் ஒன்றா?

கேள்வி:
இயேசு எழுப்பிய லாசருவும் செத்துப் பிழைத்தவர்தானே? பிறகு இயேசுவின் உயிர்த்தெழுதலை மட்டும் விசுவாசத்தின் அஸ்திவாரம் என்கிறார்களே, ஏன்? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில் 1:
இரண்டும் வேறு, நண்பரே. லாசரு வெளியே வந்தபோது கைகால்கள் துணியால் கட்டியிருந்தன. மற்றவர்கள் அவிழ்த்துவிட வேண்டியிருந்தது (யோவான் 11:44). அவர் திரும்பியது பழைய வாழ்வுக்கு, மறுபடியும் சாகும் உடலோடு. இயேசுவின் கல்லறையிலோ துணிகள் கிடந்தன, தலைத்துணி தனியே சுருட்டி இருந்தது (யோவான் 20:7). அவர் இனி மரிப்பதில்லை என்கிறது ரோமர் 6:9. சாவே தோற்றது என்பதுதான் விசுவாசத்தின் மையம்.

பதில் 2:
பவுல் எழுதிய கடிதமான 1 கொரிந்தியரின் 15ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். கி.பி. 50களின் நடுவில் எழுதப்பட்டது. நற்செய்தி நூல்களுக்கு முந்தியது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. உயிர்த்த இயேசுவைக் கண்ட சாட்சிகளின் பட்டியலைத் தானும் பெற்றுக்கொண்டதாகவே பவுல் தருகிறார். 'ஆவிக்குரிய உடல்' எழும் என்கிற 44ஆம் வசனத்தை வைத்து ஆவி மட்டும் பிழைத்தது என்று சிலர் முடிவுகட்டுவது பிழை. விதைக்கப்படுவதும் உடல், எழுவதும் உடல்.

பதில் 3:
காலியான கல்லறையை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள். சீடர்கள் உடலைத் திருடினார்கள் என்ற பேச்சு மத்தேயு 28:13இலேயே இருக்கிறது. உயிர்த்த இயேசு சீடர்களுக்குத் தோன்றிய காட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அக்காட்சிகளைச் சொல்லும் மாற்கு 16:9-20 சினாய், வத்திக்கான் எனப்படும் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. வாதத்தை அதன்மேல் கட்ட வேண்டாம்.