விபிஎன் அடிக்கடி கட் ஆகுது, மீட்டிங்ல பேசவே முடியல. அவசரம், யாராவது உதவுங்க

முல்லை_ஸ்ரீவி | ஏப்ரல் 7, 2020, காலை 11:14
வணக்கம். ஒர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கேன். காலையில பத்து மணிக்கு மேல விபிஎன் (வீட்ல இருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற பாதுகாப்பான வழி) சும்மா சும்மா கட் ஆகுது. மீட்டிங்ல நான் பேசுறது யாருக்கும் கேக்கல, அவங்க பேசுறது எனக்குக் கேக்குது. ஸ்பீட் டெஸ்ட்ல 18 எம்பிபிஎஸ் காட்டுது, அது போதும்தானே? மேனேஜர் தினமும் கேக்குறார். சீக்கிரம் சொல்லுங்க.

சதீஷ்88 | 11:20
டிஎன்எஸ் மாத்துங்க. 1.1.1.1 போட்டுப் பாருங்க. எனக்கு அதுலதான் சரியாச்சு.

ஓஎம்ஆர்_வாசி | 11:26
எந்த ஊர்? வைஃபையா, கேபிள் சொருகியா? விபிஎன் இல்லாம நெட் ஒழுங்கா வருதா? ஸ்பீட் டெஸ்ட்ல அப்லோட் எவ்வளவு? இதைச் சொல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாது.

பழைய_மோடம் | 11:31
டிஎன்எஸ் மாத்தினா விபிஎன் நிக்குமா? டிஎன்எஸ் வெப்சைட் பேரை நம்பர் முகவரியா மாத்திக் குடுக்கும், அதோட அதன் வேலை முடிஞ்சது. கனெக்ஷன் கிடைச்சதுக்கு அப்புறம் கட் ஆகுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இங்க வர்ற பத்துக் கேள்வியில எட்டுக்கு இதையே பதிலா எழுதுறீங்க. கேள்வி கேட்டவங்களும் முதல்ல அளந்துட்டு வரணும். நான் இதைப் பல வருஷமா சொல்லிட்டு இருக்கேன்.

ஆசிரியர்_மணி | 11:40
2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல சேனல் நெரிசலா இருக்கும்மா. இப்போ எல்லார் வீட்லயும் எல்லாரும் இருக்காங்க. ரூட்டர்ல 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு வெச்சுப் பாருங்க. முடிஞ்சா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க.

முல்லை_ஸ்ரீவி | 11:58
வைஃபை இல்ல சார், கேபிள்தான் சொருகி இருக்கேன். சென்னை ஆபீஸ் டெஸ்க்டாப்பையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிராமம். விபிஎன் இல்லாம மெயில், வாட்ஸ்அப் எல்லாம் ஓடுது. அப்லோட் இப்போ 0.6. மீட்டிங் இருக்கு, அப்புறம் வர்றேன்.

ஓஎம்ஆர்_வாசி | 12:03
0.6! விஷயம் அங்கதான் இருக்கு. நீங்க பேசுறது, உங்க வீடியோ, நீங்க ஆபீஸுக்கு அனுப்புற ஃபைல் எல்லாம் போறது அப்லோட்ல. 18ங்கிறது வர்ற பாதை. அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்குது, நீங்க பேசுறது அவங்களுக்குக் கேக்கலன்னா காரணம் இதுதான்.

சதீஷ்88 | 12:10
ஒரு வீட்டுப் பிரச்சனையா பாக்காதீங்க. மார்ச் 24ஆம் தேதி ராத்திரி லாக்டவுன் அறிவிச்சதுல இருந்து நாடே நெட்ல உக்காந்திருக்கு. சென்னைல வர்ற கடல் கேபிளால இதைத் தாங்க முடியல. நாம என்ன பண்ணாலும் வேலைக்கு ஆகாது.

பழைய_மோடம் | 12:17
ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சென்னை ஆபீஸுக்கும் நடுவுல எந்தக் கடல் இருக்கு? சென்னைல கரையேறுற ஐ2ஐ கேபிள் சிங்கப்பூர் போகுது. சீ-மீ-வீ 4 கேபிள் ஐரோப்பா வரைக்கும் போகுது. முதுகெலும்புப் பாதை எங்கயும் முறியல. நெட் கம்பெனிங்க ஒண்ணோட ஒண்ணு இணையுற ஃப்ராங்க்ஃபர்ட் டீ-சிக்ஸ் இணைப்பகம் மார்ச்ல நொடிக்கு 9 டெராபிட்டைத் தாண்டிச்சு, நிக்காம ஓடுது. அடைப்பு ரெண்டே இடத்துலதான் வரும். ஒண்ணு வீட்டுக்கு வர்ற கடைசித் துண்டு. இன்னொண்ணு ஆபீஸ் வாசல்ல இருக்கிற விபிஎன் பெட்டி. கொஞ்சம் பேர் வெளியூர்ல இருந்து வருவாங்கன்னு கணக்குப் போட்டு வாங்கின பெட்டி அது. இப்போ மொத்த ஆபீஸும் அது வழியா நுழையுது.

சதீஷ்88 | 12:25
அப்படின்னா ஐரோப்பால நெட்ஃபிளிக்ஸ் ஏன் டேட்டா அளவை 25 சதவீதம் குறைச்சாங்க? யூடியூப் ஏன் உலகம் முழுக்க சாதாரணத் தரத்துக்கு வந்துச்சு? இங்கயும் மொபைல்ல ஏப்ரல் 14 வரைக்கும் 480பி தரத்துக்கு மேல வீடியோ தர மாட்டோம்னு எல்லா ஓடிடி கம்பெனியும் சேர்ந்து முடிவு பண்ணினாங்களே. ஒண்ணும் இல்லாமலா பண்ணுவாங்க? வேலை நேரத்துல படம் பாக்குறவங்களை முதல்ல நிறுத்தணும்.

ஆசிரியர்_மணி | 12:33
என் அம்மாவுக்கு 74 வயசு. கோயிலுக்குப் போக முடியாது, வாசல்ல உக்காந்து யார்கிட்டயும் பேச முடியாது. போன்ல பழைய படம் ஒண்ணு பாக்குறாங்க. அதை நிறுத்தச் சொல்றது என்ன நியாயம்? என் வகுப்புப் பிள்ளைங்க பாதிப் பேர் வீட்ல ஒரே ஒரு போன், அதுலதான் பாடம். நெட்டை யார் எதுக்கு உபயோகிக்கிறாங்கன்னு தரம் பிரிச்சா அடி வாங்குறது அவங்கதான்.

பழைய_மோடம் | 12:38
அந்த 480 கட்டுப்பாடு மொபைல் நெட்வொர்க்குக்கு மட்டும். இவங்க வெச்சிருக்கிறது வீட்டு இணைப்பு. அதோட பெரிய நிறுவனங்கள் வீடியோவை நெட் குடுக்கிறவங்க வளாகத்துலயே சர்வர் வெச்சு சேமிக்குது. அம்மா பாக்குற படம் பாதி நேரம் பக்கத்து நகரத்துல இருந்துதான் வருது. படிச்சுட்டு வாதாடுங்க.

சதீஷ்88 | 12:41
பக்கத்து நகரத்துல இருந்து வந்தாலும் கடைசியில அதே கம்பத்துக் கம்பி வழியாத்தானே வரணும்? நெரிசல் கடைசித் துண்டுலன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ படமும் அந்த நெரிசல்ல ஒரு பங்குதான்.

ஓஎம்ஆர்_வாசி | 12:50
சதீஷ் சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா படம் வர்ற பாதையை அடைக்கும், இவங்களுக்கு அடைச்சிருக்கிறது போற பாதை. முல்லை, வந்ததும் ரெண்டு பிங் (பதில் திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பாக்குற சோதனை) போடுங்க. முதல்ல ரூட்டருக்கு, 192.168 னு ஆரம்பிக்கிற முகவரி. அப்புறம் வெளிய இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு. விபிஎன் ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஒரு தடவை, பதினொண்ணுக்கு ஒரு தடவை.

முல்லை_ஸ்ரீவி | ஏப்ரல் 8, காலை 11:22
ரூட்டருக்கு எப்பவுமே 1 தான். 8.8.8.8க்கு காலையில ஆறு மணிக்கு 30 சொச்சம், ஒரு பதிலும் தவறல. இப்போ 400க்கு மேல ஏறி இறங்குது, நடுநடுவுல பதிலே வரல. மாடியில இருக்கிற டிஷ்ஷைத் திருப்பிப் பாக்கலாமான்னு அப்பா கேக்குறார். திருப்பலாமா?

ஓஎம்ஆர்_வாசி | 11:25
டிஷ்ஷா? எந்த டிஷ்? ஃபைபர் இல்லையா?

முல்லை_ஸ்ரீவி | 11:31
இல்லையே. எங்க ஊர்ல ஃபைபர் கிடையாது. மாடியில குழாய்ல ஒரு சின்ன வெள்ளை டிஷ் வெச்சு, அதுல இருந்து ஒயர் கீழ ரூட்டருக்கு வருது. இங்க எல்லார் வீட்லயும் அப்படித்தான்.

கரூர்_கேபிள் | 11:48
டிஷ்ஷைத் தொடாதீங்கம்மா, அப்பாகிட்ட சொல்லிடுங்க. ஒரு விரல்கடை நகர்ந்தாலும் உள்ளதும் போயிடும்.

நானும் கிராமத்துக்கு இதே மாதிரி ரேடியோ இணைப்பு குடுக்கிறவன்தான். டவர்ல ஒரு ஆன்டெனா இருக்கும். அந்தத் திசையில இருக்கிற வீடு மொத்தமும் அதைத்தான் பங்கு போட்டுக்கும். ஃபைபர்ல போறதுக்கு ஒரு ஒளி, வர்றதுக்கு ஒரு ஒளி, ஒண்ணை ஒண்ணு தடுக்காது. ரேடியோ அப்படி இல்ல, ஒத்தைவழிப் பாலம் மாதிரி. அந்தப் பக்கம் வண்டி வந்துட்டு இருந்தா இந்தப் பக்கம் நிக்கணும். முன்னெல்லாம் ராத்திரி எட்டு மணிக்குத்தான் கூட்டம், அதுவும் எல்லாம் டவுன்லோட். அதனால டவர்ல நேரத்தை டவுன்லோடுக்கு அதிகமா, அப்லோடுக்குக் கொஞ்சமா பிரிச்சு வெச்சிருப்போம். இப்போ பத்து மணிக்கு எல்லா வீடும் வீடியோவை மேல அனுப்புது. பிரிச்ச கணக்கு பழைய கணக்கு.

இன்னொண்ணும் இருக்கு. சிக்னல் பலவீனமான ஒரு வீடு இருந்தா, அதே ஃபைலை அனுப்ப அது ரொம்ப நேரம் எடுத்துக்கும். அவ்வளவு நேரமும் மத்த வீடெல்லாம் காத்திருக்கணும். நடுவுல தென்னந்தோப்பு இருந்தா இது ரொம்ப சகஜம். மட்டை வளர்ந்து மறைச்சிடும்.

உங்க ஆபரேட்டர்கிட்ட மூணு விஷயம் கேளுங்க. உங்க டிஷ்ல சிக்னல் எத்தனை? மைனஸ் 60 பக்கம் இருந்தா நல்லது, மைனஸ் 75ஐத் தாண்டி மைனஸ் 80 பக்கம் போயிட்டா கஷ்டம். டவர்ல அப்லோடுக்கு நேரத்தைக் கூட்ட முடியுமா? அந்த ஆன்டெனால இருக்கிற வீடுகள்ல கொஞ்சத்தை வேற ஆன்டெனாவுக்கு மாத்த முடியுமா? இணைய சேவைக்கு லாக்டவுன்ல விலக்கு உண்டு, அவர் வெளிய வரலாம். ஆனா புது ஆன்டெனா வேணும்னா அவரைத் திட்டாதீங்க. கூரியரே ஓடல. எனக்கு ஒரு சின்ன கார்டு சென்னைல முடங்கிக் கிடக்கு, என் கஸ்டமர் எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க.

பழைய_மோடம் | 12:02
ரேடியோன்னு நேத்தே சொல்லியிருந்தா இவ்வளவு எழுத வேண்டியதே இல்ல. இருந்தாலும் ஆபீஸ் பக்கமும் பாருங்க. வீடியோ காலும் விபிஎன் வழியா ஆபீஸுக்குப் போய்த்தான் வெளிய போகுதான்னு ஐடி டீமைக் கேளுங்க. அப்படின்னா ஸ்ப்ளிட் டனல் போடச் சொல்லுங்க, வீடியோ காலை மட்டும் விபிஎன் வழியா விடாம நேரா வெளிய விட்டுடலாம். ஆபீஸ் 365க்கு இப்படிச் செய்யச் சொல்லி மைக்ரோசாஃப்ட்டே சொல்றாங்க. ஆபீஸ் பாதுகாப்பு விதிக்கு ஒத்து வரணும், நீங்களா எதையும் மாத்தாதீங்க.

ஆசிரியர்_மணி | 12:09
கரூர் அண்ணே, என் ஊர் பிள்ளைங்களுக்கும் இதே டிஷ்தான். வகுப்பு நேரத்தைக் காலையில எட்டு மணிக்கு மாத்தினா உதவுமா?

கரூர்_கேபிள் | 12:15
கண்டிப்பா உதவும் சார். பத்துக்கு முன்னாடி பாலம் காலியா இருக்கும். பிள்ளைங்க கேமராவை ஆஃப் பண்ணிட்டு குரல் மட்டும் வெச்சாலே பாதி பாரம் குறையும்.

முல்லை_ஸ்ரீவி | ஏப்ரல் 13, மாலை 6:47
ஆபரேட்டர் வந்து பாத்தார். சிக்னல் மைனஸ் 79. தோப்புக்காரர்கிட்ட கேட்டு மட்டை வெட்டி, குழாயை உயர்த்தினாங்க. இப்போ மைனஸ் 66. அப்லோட் 3 வருது. ஆபீஸ்ல ஸ்ப்ளிட் டனல் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல. பதினொண்ணு, பன்னெண்டு மணிக்கு மட்டும் இன்னும் இழுக்குது. எல்லாருக்கும் நன்றி.

சதீஷ்88 | 6:55
விபிஎன் இப்போ கட் ஆகுதா இல்லையா? அதைச் சொல்லலையே.

வத்றாப்_இளங்கோ | ஏப்ரல் 15, காலை 10:31
எனக்கும் இதே பிரச்சனை, பக்கத்து ஊர்தான். லாக்டவுன் மே 3 வரைக்கும் நீட்டிச்சுட்டாங்க. முல்லை, உங்க ஆபரேட்டர் யாருன்னு தனிச் செய்தியில சொல்ல முடியுமா?

கரூர்_கேபிள் | 10:44
தம்பி, முதல்ல மாடிக்குப் போய் டிஷ்ஷுக்கு நேரா மரம் ஏதாவது மறைக்குதான்னு பாருங்க. பாத்துட்டு ரெண்டு நேரத்து பிங்கும், அப்லோட் எவ்வளவுன்னும் இங்கயே எழுதுங்க.