ஏற்காட்டில் வைத்த சர்வர் நகல்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்:

அந்த ஆரஞ்சு விளக்கைப் பற்றி யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். எங்களுடையது சேலத்தில் மளிகை மொத்த வியாபாரம். கடையில் ஒரு சர்வர், ஏற்காட்டில் முதலாளியின் அண்ணன் தோட்டத்து வீட்டில் ஒரு பழைய நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைத்த டிஸ்க் பெட்டி. இரவு 11 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகல் நிரல் ஓடி, அன்று மாறியதை மட்டும் மேலே ஏற்றிவிடும். டிஸ்க்கும் சின்ன யுபிஎஸ்ஸும்தான் செலவு. இங்கே பாதிப் பேர் இதே ஏற்பாடுதான் வைத்திருப்பீர்கள்.

அக்டோபர் கடைசியில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சர்வர் தரையில் இருந்தது. யார் வைத்தது என்று கேட்காதீர்கள், நான்தான். "சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்துவிடும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, காலி டிஸ்க்கோடு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன். காப்பி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கினால், எல்லாவற்றுக்கும் மேலே ஜூலை 19. டிஸ்க் அன்றே நிரம்பிவிட்டது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் எல்லாம் ஜூனில் வேலையை விட்டுப்போன பையனின் பெட்டிக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்திருக்கின்றன.

அதைக்கூட மறந்துவிடுவேன். ஆகஸ்டில் அந்தத் தோட்டத்து வீட்டுப் பெரியவர் போனில் கேட்டிருந்தார்: "தம்பி, அந்தப் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு விட்டுவிட்டு எரிகிறதே, ஒன்றும் இல்லையே?" நான் பில் போட்டுக்கொண்டே, "அது அப்படித்தான் எரியும் ஐயா" என்றேன். ஜூலை 19 என்ற தேதியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அவர் என் பின்னால்தான் நின்றார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தார்.

ஜவ்வரிசிக்காரன்:

உங்களுக்கு ஜூலை வரையாவது மிஞ்சியது. என் பெட்டி ஒழுங்காக வேலை செய்ததுதான் கேடு. 15 நிமிடத்துக்கு ஒருமுறை நகல். இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக்கூடாது என்று 'டெலீட்' கட்டளையும் சேர்த்து வைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண் மாலை 5.40க்கு லாரி ரசீதுகள் இருந்த ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டாள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ரவுட்டரை நோக்கி ஓடினேன். கேபிள் கையில் வந்தபோது விளக்கு படபடவென்று துடித்து அடங்கிவிட்டது. மணி 5.45. மலை மேலிருந்த நகலும் சுத்தமாகப் போய்விட்டது.

அன்று அந்தப் பெண்ணை நன்றாகத் திட்டினேன். அந்தக் கட்டளையைச் சேர்த்தவன் நான் என்று இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

அஸ்தம்பட்டி ஆடிட்டர் அலுவலகம்:

கணக்கரே, ஏற்காட்டில் கொண்டுபோய் வைத்ததே முதல் தவறு. கோடை மழையில் அங்கே விழும் இடி தெரியாதா? எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் பெட்டி அப்படித்தான் போனது. திறந்தபோது வந்த கருகிய நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. என் அனுபவம் அவ்வளவே.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இடி விழுந்தால் ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது; ஆனால் ரவுட்டரின் மின்வயரிலும் செம்புக் கேபிளிலும் பாயும். எனவே எர்த் சரியாக இருக்க வேண்டும். அடுத்து, நகல் வேறு, பேக்கப் வேறு. ஜவ்வரிசிக்காரர் வைத்திருந்தது கண்ணாடி பிம்பம். முகத்தில் கரி பூசினால் அதிலும் கரிதான் தெரியும். பழைய நாட்களின் பதிப்புகளும் இருக்க வேண்டும். ஆர்சிங்க்கிலேயே 'லிங்க்-டெஸ்ட்' என்று ஒரு வசதி உண்டு: நாளுக்கு ஒரு ஃபோல்டர் முழுதாகத் தெரியும், ஆனால் மாறாத கோப்புகள் டிஸ்க்கில் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் வந்தபோது, பாதிக்கப்பட்ட கணினிகளில் கோப்புகளெல்லாம் பூட்டப்பட்டன. பிம்பம் மட்டும் வைத்திருப்பவருக்குப் பூட்டிய கோப்புதான் மலையேறும். டேலி கணக்கு மென்பொருள் திறந்திருக்கும்போது நகல் எடுத்தால் பாதி எழுதிய கோப்பு போய்ச் சேரும், மூடிவிட்டு எடுங்கள். ரவுட்டரில் வெளியார் நுழையும் வழியான போர்ட்டைத் திறந்துவைக்காமல், வயர்கார்டு என்ற பாதுகாப்பான விபிஎன் வழியாக இணையுங்கள். சட்டமும் இருக்கிறது. உங்கள் தொழில் கம்பெனியாகப் பதிவானது என்றால், கம்பெனிக் கணக்கு விதிகளின் 2022 திருத்தத்துக்குப் பிறகு மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் இருந்தாக வேண்டும். ஜிஎஸ்டிக்கு, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் ஆவணங்களைக் காக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். இன்னும் இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்:

ஐயா, நாளை வேண்டாம். தண்ணீர் புகுந்தது சேலத்தில். நீங்கள் மலையைக் குறை சொல்கிறீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் வீட்டுக்குத் திருமணிமுத்தாறு ஏறி வராது. இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கெடுதல் வரக்கூடாது என்றுதானே அங்கே வைத்தோம்? கெட்டது இடியால் அல்ல, என் அலட்சியத்தால்.

கொலுசுப் பட்டறை:

சண்டை வேண்டாம், என் கதையைக் கேளுங்கள். கொலுசு மாதிரிப் படங்கள் 500 ஜிபி. எங்கள் இணைப்பில் ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டால் ஓயாமல் ஓடினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும், அதற்குள் எத்தனை முறை கரண்ட் போகுமோ. அதனால் முதல் நகலைக் கையிலேயே கொண்டுபோனேன். ஏற்காடு பஸ், ஜன்னலோர இருக்கை, துண்டில் சுற்றிய டிஸ்க் மடியில். பக்கத்திலிருந்த பாட்டி, "பச்சைக்குழந்தையா அப்பா?" என்று துண்டை விலக்கிப் பார்த்தார்.

வழியில் யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று டிஸ்க்கை முன்பே கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருந்தேன். அதை டிக்கெட்டின் பின்புறம் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். சட்டை துவைக்கப் போனது. வீட்டில் எடுத்துக் கொடுத்த காகித உருண்டையில் 7 மட்டும் தெரிந்தது. பட்டறையில் அசல் இருந்ததால் நஷ்டம் இல்லை, இன்னொரு பஸ் பயணம்தான். ஆனால் இது தெரியவந்தது இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரமும் நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை நினைத்தால் இப்போது தூக்கம் வருவதில்லை.

ஜவ்வரிசிக்காரன்:

கணக்கர் அண்ணா, மூன்று மாதக் கணக்கு என்னதான் ஆயிற்று?

செவ்வாய்ப்பேட்டை கணக்கர்:

செப்டம்பர் வரை விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் ஆகியிருந்தது. ஜிஎஸ்டி எண் உள்ள கடைகளுக்குப் போட்ட பில்கள் அதில் எண், தொகையோடு இருந்தன, இறக்கிக்கொண்டோம். கொள்முதல், எங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி படிவத்தில் கிடைத்தது. அக்டோபருக்கு லாரிக்காரர்களிடமிருந்த பில் நகல்கள். பாக்கி வரவுக்குத்தான் வழியில்லை. யார் எவ்வளவு கட்டினார்கள் என்று பாக்கிக்காரர்களிடமே போன் போட்டுக் கேட்டேன். எடப்பாடிக் கடைக்காரர் ஒருவர் நாங்கள் நினைத்திருந்ததைவிட 6,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியதாகச் சொன்னார். இரண்டு பேர் போனை எடுக்கவே இல்லை.

பெட்டி அங்கேயேதான் இருக்கிறது. பெரிய டிஸ்க் மாற்றியாயிற்று, எச்சரிக்கை என் செல்போனுக்கு வருகிறது. பெரியவர் விளக்கைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.