கஞ்சா எச்சரிக்கை: டாக்டர்கள், வக்கீல்கள் கொஞ்சம் உதவுங்கள்

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். பையனின் காலேஜில் கஞ்சா பற்றி ஒரு விழிப்புணர்வு நோட்டீஸ் கொடுத்தார்கள். ‘ஒருமுறை இழுத்தாலே மூளை செத்துவிடும்’ என்று சிவப்பு எழுத்தில், பக்கத்தில் மண்டை ஓட்டுப் படம். பையன் நம்பவில்லை. சொல்லப்போனால் நானும்தான்.

சரி என்று தேடினேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். 1893-இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த கமிஷன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, அளவோடு பயன்படுத்தினால் பெரிய கேடில்லை, முழுத் தடை வேண்டாம் என்றது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பூ, காய் உள்ள நுனியைத்தான் கஞ்சா என்கிறது. தனி இலையைச் சேர்க்கவில்லை. அதனால்தான் உத்தரப் பிரதேசத்தில் அந்த இலையை அரைத்துச் செய்யும் ‘பாங்கு’ (bhang) விற்கும் கடை அரசு லைசென்ஸோடு நடக்கிறது. ஒரே செடி! 2020-இல் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது.

அதற்காக இது துளசித் தீர்த்தம் என்று சொல்ல வரவில்லை. பதின்வயதில் தொடங்கி அடிக்கடி இழுத்தால் மனநோய் அபாயம் கூடும், சிலர் அடிமையாவார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அதை உள்ளபடி சொன்னால் பையன்கள் கேட்பார்கள். மண்டை ஓட்டைக் காட்டினால் சிரிக்கிறார்கள்.

டாக்டர்களே, வயதையும் வீரியத்தையும் பொறுத்து அபாயம் எவ்வளவு மாறும்? வக்கீல்களே, சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் மாணவர்களுக்கு என்ன நடக்கிறது? அப்புறம், தமிழில் நம்பகமான கட்டுரை இருந்தால் லிங்க் போடுங்கள்.