ஜார்ஜ் டவுனில் இருட்டிய பிறகு: பினாங்கு அனுபவங்கள்

மலேசியாவில் உள்ள பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். முதல் பயணத்தில் எல்லோரையும் போலக் காலை ஒன்பது மணிக்கே வரைபடமும் கையுமாகக் கிளம்பி, கார்ன்வாலிஸ் கோட்டையின் வெட்டவெளியில் நின்று தலைசுற்றி, பிற்பகல் முழுவதையும் விடுதி அறையில் படுத்தே கழித்தேன். மாலையில் பசி பொறுக்காமல் சூலியா தெருவில் இறங்கியபோதுதான், நான் களைத்து ஓய்ந்த நேரத்தில் அந்த ஊர் கண் விழிக்கிறது என்பது தெரிந்தது. பகலில் கதவடைத்துக் கிடந்த இடங்களுக்கு முன்னால் தள்ளுவண்டிகள் வரிசையாக வந்து நின்றன; நெகிழி முக்காலிகள் தெருவோரம் வரை பரவின; கொதிக்கும் பானையைச் சுற்றி நின்றவர்கள் குச்சியில் கோத்த இறாலையும் காளானையும் மீன் உருண்டையையும் தாங்களே முக்கி எடுத்துத் தின்றார்கள். 'லோக் லோக்' எனப்படும் அந்த வண்டியில், தின்று முடித்த குச்சிகளின் நிறத்தைப் பார்த்து எண்ணித்தான் காசு வாங்குகிறார்கள்.

அடுத்த இரண்டு பயணங்களிலும் பகலை வெயிலுக்கு விட்டுக்கொடுத்து, மாலை ஐந்தரை மணிக்குத்தான் வெளியே வந்தேன். அந்த நேரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் நடப்பதைப் போன்ற சுகம் வேறில்லை. பழைய பெயரில் பிட் தெருவான அந்த ஒரே சாலையிலும் அதன் பக்கத்துத் தெருவிலுமாக, 1818இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், ஊதுபத்திப் புகை மண்டிய சீனர்களின் கருணைத் தெய்வக் கோவில், 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோவில், தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் தொடங்கிய பள்ளிவாசல் ஆகிய நான்கும் சில நிமிட நடையில் வந்துவிடுகின்றன. மாலைத் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்ததும் அம்மன் கோவில் மணி கேட்டது. யாரும் நமக்காக ஏற்பாடு செய்து வைத்த காட்சியல்ல அது. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காப்பிக் கடை ஒன்றின் முகப்பில் சார் குவே தியாவ் வறுத்துக்கொண்டிருந்த முதியவரைப் பற்றி நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தட்டையான அரிசி நூடுல்சோடு இறால், சிப்பிக்கறி, முளைப்பயறு, முட்டை ஆகியவற்றைக் கொதிக்கும் இரும்புச் சட்டியில் போட்டு, ஒவ்வொரு தட்டாகத்தான் அவர் வறுத்துத் தந்தார். எனக்கு முன்னால் பதினோரு பேர் காத்திருந்தும், இரண்டு தட்டுக்கானதை ஒன்றாகப் போட்டுக் கிளற அவர் மனம் ஒப்பவில்லை. சட்டியில் அளவு கூடினால் சூடு இறங்கிவிடும், சூடு இறங்கினால் அந்தப் புகைவாசம் ஏறாது என்று பக்கத்து மேசைக்காரர் விளக்கினார். அவரே என் அறியாமை ஒன்றையும் போக்கினார். உணவு வாங்கும் வண்டிகளுக்கும் நாம் உட்காரும் மேசைக்கும் தொடர்பில்லையாம். மேசை காப்பிக் கடைக்காரருடையது, ஆகவே அங்கே உட்கார்ந்தால் ஏதாவது பானம் வாங்குவதுதான் முறை. பதினைந்து நிமிடம் வெறும் மேசையைப் பிடித்து வைத்திருந்த என்னை அந்தக் கடைக்கார அம்மையார் ஏன் முறைத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

நாசி கண்டார் என்ற பெயரில் நம்மவர் வரலாறே அடங்கியிருக்கிறது. மலாயில் 'கண்டார்' என்பது தோளில் காவடியாகச் சுமக்கும் தண்டைக் குறிக்கும். ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் தொங்கவிட்டுக்கொண்டு, துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தமிழ் முஸ்லிம்கள் விற்ற சாப்பாடு அது. கேம்பல் தெருவில் 1907 முதல் இயங்கிவரும் ஹமீதியா இன்றும் கூட்டத்தோடு நடக்கிறது. நான் அதிகம் விரும்பியதோ பள்ளிவாசலை ஒட்டிய சிறிய கடை; நான் சென்ற நாட்களில் அது இரவு பத்து மணிக்குத்தான் திறந்தது. 'பெராத்தூர்', அதாவது வரிசையில் நிற்பது என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. சோற்றின்மேல் நான்கைந்து குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்வதற்கு 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்ற சொல் போதும். குழம்புகளைத் தனித்தனியாகக் கேட்ட என்னைப் பரிமாறியவர் சற்று இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "கலந்துதாங்க சாப்பிடணும்" என்று தமிழிலேயே சொன்னார்.

இரவுக் கேளிக்கை என்று தேடுவோருக்கு லவ் லேனும் அதை ஒட்டிய சந்துகளும் இருக்கின்றன. பழைய கடைவீடுகளுக்குள் மதுக்கூடங்கள், கித்தார் இசை, நள்ளிரவு தாண்டியும் குறையாத பேச்சு. மது அருந்தாத நான் எலுமிச்சைச் சாற்றோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டை எந்த ஊரிலும் கேட்கலாம். 2000ஆம் ஆண்டில் பழைய வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதியும் வந்த பிறகு, தலைமுறைகளாகக் குடியிருந்த பலர் இந்தத் தெருக்களை விட்டு வெளியேறினார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. அழகாகச் சாயம் பூசிய சன்னல்களைப் பார்க்கும்போது அந்த எண்ணம் உறுத்தத்தான் செய்கிறது.

*

மேலே எழுதியிருக்கும் நண்பர் அசைவ உணவையே சொல்லியிருப்பதால், சைவரான என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். சார் குவே தியாவைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள் என்பதையும், புளியும் மீனும் சேர்ந்த ஆசாம் லக்சாவின்மேல் இறால் விழுது ஊற்றுவார்கள் என்பதையும் முன்பே அறிந்திருந்ததால், நான் பெரும்பாலும் குட்டி இந்தியாவையே நம்பியிருந்தேன். ஆனாலும் பட்டினி கிடக்கவில்லை. தெருவோர வண்டியில் 'அப்போம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து நெருங்கினால் நம் அப்பம். 'புத்து மாயாம்' என்பது தேங்காய்த்துருவலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்த இடியாப்பம். கடையே அங்கே 'கெடாய்' ஆகிவிட்டதைக் கண்ட பிறகு, பெயர்ப்பலகைகளைப் படிப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பாண்டான் (ரம்பை) இலைச் சாறு விட்டுப் பச்சையாகச் செய்த அரிசிமாவு இழைகளைத் தேங்காய்ப்பாலிலும் பனைச்சர்க்கரைப் பாகிலும் மிதக்கவிடும் செண்டோல், எந்தச் சைவருக்கும் போதுமான ஆறுதல்.

நான் சென்றது தைப்பூசத்தின்போது. நகரத்தார் 1894இல் கொண்டுவந்த வெள்ளித்தேர், பூசத்துக்கு முதல் நாள் பினாங்குத் தெருவிலிருக்கும் கோவில் வீட்டிலிருந்து புறப்பட்டுத் தண்ணீர்மலை நோக்கிச் செல்கிறது. அதற்கு முன்னால் சாலையில் உடைக்கப்படும் தேங்காய்களைக் கண்ணால் பார்த்தால்தான் நம்ப முடியும். குவியல் குவியலாகக் கொட்டி வைத்து உடைக்கிறார்கள், உடைப்பவர்களில் சீனர்களும் ஏராளம். சாலையெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். அவற்றில் ஒன்றில் எனக்குச் சோறு பரிமாறிய சீனப் பெண்மணி, "பசியாறுங்க" என்றார். தமிழகத்தில் நான் அதிகம் கேட்டிராத அந்தச் சொல்லை, நம் மொழி பேசாத வீட்டில் பிறந்தவர் வாயிலிருந்து கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. மறுநாளும் அந்தப் பந்தலைத் தேடிப் போனேன். அந்த அம்மாள் இல்லை, சோறு இருந்தது.

*

இரவைப் பற்றி இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எழுபது வயதைத் தாண்டிய என் தந்தையோடு சென்ற எனக்கு, விடியற்காலைதான் கைகொடுத்தது. ஆறரை மணிக்கு அவரும் நானும் சூ குலத்தாரின் படகுத்துறைக்கு நடந்தோம். கடலுக்குள் நட்ட கால்களின்மேல் பலகை வீடுகள். இரு பக்கமும் ஒரே குடிப்பெயருடையவர்கள். வாசல்தோறும் சிறிய சிவப்பு மாடம். ஒன்பது மணிக்குப் பயணிகள் கூட்டம் வந்துவிட்டால் குடியிருப்போர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், அது அவர்கள் வீடு அல்லவா? அந்த அதிகாலையிலோ, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையசைத்து அப்பாவை உட்காரச் சொன்னார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு நீண்டு செல்லும் ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கினோம். மலாய்க்காரர்கள் அதைக் 'காக்கி லீமா' என்பார்கள். ஐந்து அடி என்பதுதான் பொருள். ஒரு கடைக்காரர் தம் மோட்டார் சைக்கிளையும் பூந்தொட்டிகளையும் வைத்து அடைத்திருந்ததால், அந்த இடத்தில் மட்டும் நனைந்தபடி சாலையில் இறங்கிக் கடக்க வேண்டியதாயிற்று. அடுத்த கூரையை எட்டியதும் அப்பா வேட்டியைப் பிழிந்துகொண்டே, காப்பி எங்கே கிடைக்கும் என்று எதிரே வந்தவரிடம் தமிழிலேயே கேட்டார். அவரும் தமிழிலேயே வழி சொன்னார்.