கூழ்முட்டை: ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கொக்கட்டீல் என்ற சிறு கொண்டைக்கிளி வளர்ப்போருக்காகத் தமிழில் ஒரு சிறு கைநூல் எழுதி வருகிறேன். (காக்டெயில் என்று எழுதுவோரும் உண்டு, எனக்கு மதுக்கிண்ணம்தான் நினைவுக்கு வருகிறது.) முட்டைப் பகுதியில் சொல் இல்லாமல் நிற்கிறேன்.

பேடு ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டை இடும். பகலில் சேவலும் இரவில் பேடுமாக அடைகாத்தால், 18 முதல் 21 நாளில் குஞ்சு வரும். 7ஆம் நாளளவில் ரோச் (கைவிளக்கு) வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உயிருள்ள முட்டைக்குள் சிவந்த இழைகள் சிலந்தி வலைபோல் ஓடும். பொரிக்காத எல்லாவற்றையும் நாம் கூழ்முட்டை என்கிறோம். அங்கேதான் சிக்கல். ஒன்றில் கருவே உருவாகியிருக்காது. பிழை சோடியிலோ, அவை இணைசேர ஏறி நிற்கும் ஆடுகிற தடியிலோ இருக்கலாம். மற்றதில் கரு வளர்ந்து நடுவில் செத்திருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் முதலில் பார்க்க வேண்டியவை.

சென்ற ஆண்டு கச்சான் காற்று திருகோணமலையை வறுத்த நாட்களில் என்னிடம் 4 முட்டைகள் பொரிக்கவில்லை. கொப்பியில் “கூழ் 4” என்று எழுதினேன். சேவல் சரியில்லை என்று விற்றும்விட்டேன். பிறகு பெட்டியைத் துப்புரவாக்கும்போது உடைத்துப் பார்த்தால், நான்கிலும் உருவான குஞ்சு. அந்தச் சேவல் இப்போது வாங்கியவர் வீட்டில் 5 குஞ்சுகளுக்குத் தகப்பன்.

கரு உருவாகாததற்கு மலட்டு முட்டை, கரு நடுவில் மடிந்ததற்குக் கருமடி முட்டை என இரண்டு சொற்களை முன்வைக்கிறேன்.

---

தம்பி,

மலட்டு முட்டை வேண்டாம். மலடு என்றதும் பழி பேட்டின் தலையில் விழும். நீங்களே சேவலையும் தடியையும் சொல்கிறீர்கள். வெறுமுட்டை என்றால் போதும். கருவுறா முட்டை துல்லியமானதுதான், ஆனால் அவசரக் கையெழுத்தில் அதற்கும் கருவுற்ற முட்டைக்கும் வேறுபாடு தெரியாது.

கருமடியை வாசித்ததும் எனக்குப் பசுவின் மடிதான் தோன்றியது. “கரு நின்ற முட்டை” என்று எழுதிப் பார்த்தேன். கரு நின்றது என்றால் தங்கிவிட்டது என்றல்லவா ஊரில் பொருள்! விளக்கு அவிவதுபோல “அவிந்த முட்டை” என்றால் காலைச் சாப்பாட்டுக்கு ஆகிவிடும். இடைச்சாவு எப்படி?

மட்டக்களப்பிலிருந்து, அக்கா.

---

அக்கா,

வெறுமுட்டையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இடைச்சாவு முதலில் கடுமையாகப் பட்டது. “வெறு 1, இடைச்சாவு 2” என்று கொப்பியில் எழுதிப் பார்த்ததும் ஒப்புக்கொண்டேன். பள்ளிப் புத்தகம் மின்சூள் என்று கற்பித்தும் நாங்கள் ரோச் என்பதை விடவில்லையே. கூண்டடியில் நின்றபடி எழுத வராத சொல்லுக்கும் அதே கதிதான்.

கூழ்முட்டையைக் கைவிட மனமில்லை. குலுக்கினால் களகளவென்று ஆடி, உடைத்தால் நாறுகிற முட்டைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அது முட்டை அழுகிய நிலையைச் சொல்லட்டும், பொரிக்காத காரணத்தை அல்ல.

நேற்றிரவு பழைய கொப்பியைத் திருத்த உட்கார்ந்தேன். உடைத்துப் பார்த்த அந்த நான்கைத் தவிர, இரண்டு ஆண்டுக் “கூழ்” வரிகளில் எது வெறுமுட்டை, எது இடைச்சாவு என்று ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை.